எண்ணெய்ப் போத்தலும் அடுத்த காம்பிராவும்

அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலே நமக்கு நெடுநாள் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. ஒரு மழைக்கால மாலையில் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுவிட்டது. வீட்டின் மூத்த அம்மையார் இருளிலேயே தடவித் தடவி வெளியே சென்று, இஸ்தோப்பின் கோடியில் ஆணியிலே தொங்கிய மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து விளக்கேற்றினார்.

“அடுப்படியிலே வைத்திருந்தால் இருளில் இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லையே, அம்மா?” என்று கேட்டோம்.

“அடுப்புக்கும் இதுக்கும் ஆகாதுங்க ஐயா. குடிதண்ணிக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது. நம்ம காம்பிரா மட்டும்னாலும் பரவாயில்லே; பக்கத்துக் காம்பிராவுக்கும் நடுச்சுவர் ஒண்ணுதானுங்களே!” என்றார்.

ஒரு போத்தல் எண்ணெயை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அவ்வம்மையார் அளித்த விடையிலே நெருப்பு, நீர், குழந்தை, அயலார் ஆகிய நான்கும் அடங்கிவிட்டன. ஆயிரக்கணக்கான லீற்றர் எண்ணெயை எங்கே வைப்பது என்று முடிவு செய்பவர்களும் இந்நான்கையும் எண்ணிப் பார்க்கவேண்டுமன்றோ? அதைப்பற்றியே இவ்வாரம் வாசகர்களோடு பேச விரும்புகின்றோம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் நம் நாட்டைத் தாக்கியபோது பதுளை மாவட்டம் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மலைகள் சரிந்தன, பாதைகள் மறைந்தன, 1924ஆம் ஆண்டிலே பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதையும் துண்டிக்கப்பட்டது. தரை வழி அடைபட்ட நாட்களில் ஹெலிகொப்டர்கள் வந்தன. ஊவாவுக்கென்று ஒரு சிறு விமான நிலையம் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்ற எண்ணம் அப்போது நமக்கு எழுந்தது. 2013ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் திகதி திறக்கப்பட்ட மத்தள விமான நிலையம் ஹம்பாந்தோட்டைச் சமவெளியிலே இருக்கிறது. அங்கிருந்து பதுளைக்கு மலையேறித்தான் வரவேண்டும்.

ஆனால் விமானம் வந்து இறங்கினால் மட்டும் போதாது; திரும்பிச் செல்ல எண்ணெய் வேண்டும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சத்தின்போது நம் நாட்டு விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு மேலே சென்றன. அயல்நாட்டார் கை கொடுத்திராவிட்டால் எத்தனையோ பயணங்கள் நின்றிருக்கும். ஆகவே விமான நிலையம் வேண்டுமென்று கேட்பவர், அதன் அருகே ஓர் எண்ணெய்க் கிடங்கும் வரும் என்பதை ஏற்றுக்கொண்டே கேட்கவேண்டும்.

அவ்வாறு வரும் கிடங்கு எத்தகையது? ஏறத்தாழப் பத்துப்பேர் செல்லும் ‘செஸ்னா கரவான்’ போன்ற சிறு விமானம் ஆயிரம் லீற்றருக்குச் சற்று அதிகமான எண்ணெயைத் தாங்கிச் செல்லும். நம் வீதிகளில் ஓடும் 13,200 லீற்றர் பவுசர் ஒன்று பத்து விமானங்களையாவது நிரப்பிவிடும். சிறு நிலையத்திற்குச் சில பவுசர் அளவு கொள்ளும் தாங்கிகள் இருந்தாலே போதும். கொலன்னாவையில் உள்ளவை போன்ற பெருந்தாங்கிகள் இங்கு வேண்டியதில்லை. எனினும் நடுச்சுவர் ஒன்றாயிருக்கும் இடத்தில் ஒரு போத்தலே பெரிது என்பதை அந்த அம்மையார் நமக்குச் சொல்லிவிட்டார் அல்லவா?

இவ்வெண்ணெயின் குணத்தையும் சிறிது அறிந்துகொள்வோம். ஜெட் இயந்திரங்களுக்கு ஊற்றப்படும் எண்ணெய், நம் வீட்டு மண்ணெண்ணெயின் உடன்பிறப்பே. வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டுமுன் அதன் ஆவி எளிதில் தீப்பற்றாது என்பது அதற்குரிய நியமம். ஆனால் பழைய வகைச் சிறு விமானங்கள் பெற்றோல் இனத்தைச் சேர்ந்த எண்ணெயைக் குடிப்பவை. பெற்றோலோ மார்கழிக் குளிரிலும் ஆவியை எழுப்பிக்கொண்டே இருக்கும். அவ்வாவி காற்றைவிடக் கனமானது. மேலே எழாமல் நிலத்தோடு தவழ்ந்து பள்ளத்தை நோக்கிச் செல்லும். சமவெளியிலே இது ஒரு செய்தி மட்டுமே. நம் மலைநாட்டிலோ மேட்டு நிலத்தில் விமானத் தளமும், அதன் கீழ்ச் சரிவில் லயங்களும் அமையக்கூடும். எனவே கசியும் ஆவி எத்திசை செல்லும் என்பதைக் கூற விஞ்ஞானி வேண்டியதில்லை. மழைநீர் ஓடும் வழியைப் பார்த்தாலே போதும்.

1968ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் பன்ஸ்பீல்ட் என்னுமிடத்தில் ஓர் எண்ணெய்க் கிடங்கு திறக்கப்பட்டது. இலண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் எண்ணெய் அனுப்பிய இடம் அது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் சுற்றுப்புறத்தில் காரியாலயங்களும் தொழிற்சாலைகளும் நெருங்கி எழுந்தன. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், ஒரு தாங்கியின் அளவுமானி சிக்கிக்கொண்டது. நிரம்பியபின் தானாகவே நிறுத்தவேண்டிய சாதனமும் இயங்கவில்லை. பெற்றோல் வழிந்தது, ஆவி வெண்மேகம்போல் தரையில் பரவியது, காலை ஆறு மணி கடந்ததும் வெடித்தது. நாற்பத்து மூவர் காயமுற்றனர். வேலை நாளாய் இராமல் ஞாயிறாய் இருந்தமையால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நான்கு ஆண்டுகளின்பின், 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, இந்தியாவில் ஜெய்ப்பூர் நகரின் சீதாபுரா எண்ணெய்க் கிடங்கு தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. அங்கே பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை காப்பாற்றியது. ஜெய்ப்பூரில் காப்பாற்ற எதுவும் இருக்கவில்லை. குடிமக்களின் உயிரைக் கிழமையின் தயவில் விடுவது முறையாகுமா? தூரம்தான் நிலையான காவல்.

பாதுகாப்புக்குரிய வழிகள் புதியனவல்ல. தாங்கியைச் சுற்றி அணைபோல் ஒரு சுவர் எழுப்புவார்கள். மிகப் பெரிய தாங்கி முழுதும் உடைந்து ஊற்றினாலும் அதற்குமேல் பத்தில் ஒரு பங்கு இடம் மிஞ்சும்படி அச்சுவர் அமைவது வழக்கம். பவுசரிலிருந்து எண்ணெய் இறக்குமுன் மின்பொறி எழாதபடி கம்பியால் நிலத்தோடு இணைப்பார்கள். தாங்கியின் அடியிலே சேரும் நீரை நாள்தோறும் வடிப்பார்கள். இவையெல்லாம் பொறியியலாளரின் கடமை. கிடங்கு எந்நிலத்தில் அமையலாம், எந்நிலத்தில் அமையலாகாது என்று வலயம் வகுப்பது மக்கள் சபையின் கடமை.

ஊவாவின் நிலத்திற்கென்று இரு தனிக் கவலைகள் உண்டு. ஒன்று தண்ணீர். தோட்டத்து லயங்கள் பலவற்றிற்குக் குடிநீர் தருவது மலைச்சரிவில் ஒழுகும் பீலி. மேலே மண்ணிற்குள் சிறுகச் சிறுகக் கசிந்த எண்ணெய், கீழே பீலியில் வந்து தோன்றும்வரை எவருக்கும் தெரியாது. நிலத்தடி நீர் எல்லைக்கல்லைப் பார்த்து ஓடுவதில்லை. உமா ஓயாத் திட்டத்திற்காகச் சுரங்கம் தோண்டப்பட்டபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றியதையும் வீட்டுச் சுவர்கள் வெடித்ததையும் நாம் கண்டிருக்கின்றோம்.

மற்றொன்று மண்சரிவு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்தன. அந்த நிலம் ஆபத்தானது என்று நிபுணர்கள் முன்னரே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. மக்களோ லயத்திலேயே இருந்தனர். எழுத்துக்கும் லயத்துக்கும் இடையில் பாதை இல்லாமற்போனதன் விலையை அன்று கண்டோம். எனவே இம்மாவட்டத்தில் எந்தத் தாங்கிக்கும் இடம் தேடும்போது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை முதலில் வாசித்து, அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் அயலாருக்கு விளக்கவேண்டும்.

இங்கே நாம் வலியுறுத்த விரும்பும் ஒன்று உண்டு. அயலார் என்பவர் யார்? காணியின் அயல் உரிமையாளர் யாரென்று கேட்டால், தோட்டப் பகுதியில் காகிதம் காட்டுவது கம்பெனியின் பெயரை அல்லது அரச நிறுவனத்தின் பெயரை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. கைகள் மாறின, காம்பிராவில் வாழ்பவருக்கு மட்டும் உறுதி கிடைக்கவில்லை. உறுதி இல்லாதவரின் பெயர் அயலார் பட்டியலில் எவ்வாறு ஏறும்? கிடங்கின் வேலிக்கு மறுபுறம் உறங்குகின்ற குழந்தை ஒரு புறம். கொழும்புக் காரியாலயத்திலே கையொப்பமிடும் உரிமையாளர் ஒரு புறம். தீ மூண்டால் இவர்களில் யார் அயலார் என்பதை வாசகர்களே கூறட்டும்.

உள்ளூராட்சியிலும் தோட்ட மக்கள் நெடுங்காலம் புறத்தே நின்றவர்களே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபையின் நிதியைத் தாராளமாகச் செலவிட இடந்தரவில்லை. 2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அக்கதவு திறந்தது. 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தோட்ட மக்களும் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பியிருக்கின்றனர். வீதிக்குக் கல் போடவும் விளக்குக் கம்பம் நடவும் மட்டுமா அவர்களை அனுப்பினோம்? ஆபத்தான பண்டத்திற்கு இடம் குறிக்கும் நாளில் எழுந்து நின்று, “எத்தனை குடும்பங்கள் எத்தனை அடி தூரத்தில் இருக்கின்றன?” என்று கேட்பதற்கும் அன்றோ!

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. விமான நிலையம் அமைத்தல் சூழல் தாக்க மதிப்பீட்டிற்கு உட்பட்ட திட்டங்களில் ஒன்று. அம்மதிப்பீட்டு அறிக்கையை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். அதுபற்றிய அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அவ்வறிவித்தல் வரும் பக்கத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கின்றோம்? சர்க்கரையும் பருப்பும் பொதிந்து வந்த காகிதத்தில் அதனைக் கண்டு, “அடடா, நாள் கடந்துவிட்டதே!” என்று வருந்துவதாற் பயனில்லை. தோட்டத்தில் படித்த பிள்ளை ஒருவரேனும் அப்பக்கத்தைப் பார்த்து, மாலையில் லயத்திலே வாசித்துக் காட்டுவாராயின் அதுவே பெருந்தொண்டு.

கேட்கவேண்டிய கேள்விகளும் கடினமானவையல்ல. எண்ணெய் எவ்வகை, எவ்வளவு? தாங்கி உடைந்தால் எண்ணெய் எங்கே ஓடும்? பீலியின் ஊற்று அதற்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா? பவுசர் வரும் பாதையில் பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கும் நேரம் எது? அணைப்பு வண்டி எத்தனை நிமிடத்தில் வந்து சேரும்? இவற்றிற்கு நேரிய விடை தருபவருக்கு அனுமதி அளிப்பதில் நமக்குத் தடையில்லை. விடை தர மறுப்பவருக்கு மலைநாட்டில் ஒரு சாண் நிலமும் கூடாது.

அன்று விடைபெற எழுந்தபோது மின்சாரம் வந்துவிட்டது. அம்மையார் விளக்கை ஊதி அணைத்தார். போத்தலில் மிஞ்சிய எண்ணெய் ஒரு விரற்கடை அளவே இருக்கும். அதையும் அவர் உள்ளே வைக்கவில்லை. தூறலில் நனைந்துகொண்டே இஸ்தோப்பின் கோடிக்குச் சென்று, பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தார். அடுத்த காம்பிராவில் ஒரு குழந்தை பாடம் படிக்கும் குரல் நடுச்சுவரைத் தாண்டி நமக்குத் தெளிவாகக் கேட்டது.