பழி சுமக்க மட்டும்தானா பிழைக்கப் போகிறவர்?

2018 டிசம்பரில், கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊரான சாத்தூரின் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு ரத்த வங்கியில் அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். வெளிநாட்டு வேலைக்காக எடுத்த மருத்துவச் சோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஓடிப்போய் ஒளியவில்லை, அவரே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

2016இலேயே ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருக்கிறது. அந்த முடிவு அவரிடம் வந்து சேரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, இன்னொரு நாட்டின் விசாவுக்கான சோதனைதான் அதைச் சொன்னது.

எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்கள் புலம்பெயர் தொழிலாளரை 'பாலம்' என்ற பிரிவில் வைக்கின்றன. நோயை ஊருக்குக் கொண்டுவரும் பாலமாம். கரிசல் காடு ஒரு மழையை நம்பிய பூமி. உளுந்தும் பாசியும் பொய்த்தால் நிலமில்லாதவர்கள்தான் முதலில் பேருந்து ஏறுகிறார்கள். அவர்களில் பெரும்பங்கு தலித் மக்கள். கையில் முன்பணக் கடன், பத்துப் பேருக்கு ஓர் அறை, மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்த வாழ்க்கை. ஆபத்தை உண்டாக்கும் இந்த நிலைமைகளுக்குத் திட்டத்தில் பெயரில்லை. தொழிலாளியின் உடம்புக்கு மட்டும் பெயருண்டு. குற்றத்தை உடம்பில் ஏற்றும் இந்தப் புத்தி நமக்குப் புதிதல்ல. அதன் பழைய பெயர் தீட்டு.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், வேலைக்கு இந்தச் சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது என்கிறது. ஆனால் வளைகுடா நாடுகள் தொற்றுள்ளவருக்கு வேலை விசா தருவதில்லை. சோதனை என்றால் பிழைப்பு போகும் என்ற பயம் இருக்கும்வரை யார் முன்வருவார்?

இத்தனைக்கும் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து 2004 முதல் இலவசம். அதை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் வழியே பரவாது. அந்த இளைஞருக்கு 2016இலேயே யாராவது பக்குவமாக இதைச் சொல்லியிருந்தால் இரண்டு குடும்பங்கள் தப்பியிருக்கும்.

பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊர் திரும்புகிறவர்களைத் தேடி நம்பிக்கை மையங்கள் வரட்டும். முடிவைக் காதோடு சொல்லட்டும். மருந்து, போன இடத்திலும் தடையின்றிக் கிடைக்கட்டும். சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். இதை நண்பர்களிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டியது நம் வேலை.

சாத்தூரில் தன் கடமையைச் செய்தது அந்த இளைஞர் ஒருவர்தான்.