பாறு கழுகு இல்லாட்டி நமக்கென்ன? மாட்டு ஊசியில் தொடங்கி மனித உயிர் வரை வந்த கதை

புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. உணவுச் சங்கிலி என்றதும் பள்ளியில் வரைந்த இந்தப் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அம்புக்குறி கழுகோடு நின்றுவிடும். சரி, ஒரு மாடு செத்துப்போனால் அதை யார் தின்பது? படத்தில் இல்லாத இந்தக் கேள்விக்கு இந்தியா கொடுத்த விலை ரொம்பப் பெரியது.

பாறு கழுகின் வேலை என்ன?

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கும் பாறு கழுகுகள் பெரும்பாலும் வேட்டையாடுவதில்லை. செத்த விலங்குகள்தான் அவற்றின் சாப்பாடு. கூட்டமாக இறங்கினால் சில மணி நேரத்தில் எலும்பு மட்டும்தான் மிஞ்சும். அழுகிய இறைச்சியில் இருக்கும் பல கிருமிகளை அவற்றின் கடுமையான வயிற்று அமிலம் அழித்துவிடும். சம்பளம் கேட்காத துப்புரவுப் படை!

அப்புறம் என்ன ஆச்சு?

1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் 99.9% குறைந்துபோயின. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. காரணம், மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோஃபினாக். அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும்போது மாடு இறந்து, அதைக் கழுகு தின்றால் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இதை 2004-ல்தான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அளவு அழிவுக்குப் போதும் என்கிறது ஆய்வாளர்களின் கணக்கு. ஒரு சடலத்தைப் பல கழுகுகள் பகிர்ந்து தின்னும். ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும். இழப்பை எப்படி ஈடுகட்ட முடியும்?

இதுல மனுஷனுக்கு என்ன?

சடலங்கள் கேட்பாரற்று அழுகின. தண்ணீர் மாசடைந்தது. தெருநாய்கள் பெருகின, கூடவே ரேபிஸ் ஆபத்தும். 2000 முதல் 2005 வரை இதனால் கூடுதலாகச் சுமார் 5 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2024-ல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஓர் உயிரினத்தை எடுத்துவிட்டால் மொத்த அமைப்பே ஆட்டம் காணும் என்றால், அதற்குப் பெயர் 'கீஸ்டோன்' இனம். 1969-ல் அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் பெயின் கொடுத்த பெயர் இது. புலி, யானை மாதிரி கம்பீரமாக இருந்தால்தான் அந்தப் பட்டியலில் இடம் என்றில்லை.

தடை போட்டாச்சே, அப்புறம் என்ன?

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006-ல் தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் குப்பியின் அளவு 3 மி.லி. ஆகக் குறைக்கப்பட்டது. அசிக்ளோஃபினாக் என்ற இன்னொரு மருந்து மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். அதற்குத் தடை வந்தது 2023-ல்! நடுவில் 17 வருஷம்.

இங்கேதான் பிரச்சினை. மருந்தைக் கடைக்கு அனுப்பிவிட்டு, கழுகு செத்த பிறகு ஒவ்வொன்றாகத் தடை போடுகிறோம். இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். கால்நடை வலிநிவாரணி எதுவாக இருந்தாலும், பாறு கழுகுக்குப் பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகே அனுமதி தர வேண்டும்.

அதுக்காக வலியில் துடிக்கும் மாட்டை அப்படியே விடச் சொல்றீங்களா என்று கேட்கலாம். தேவையே இல்லை. மெலாக்சிகாம், டோல்ஃபெனமிக் அமிலம் என்று கழுகுக்கு ஆபத்தில்லாத மருந்துகள் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. ஊரில் மாடு வளர்க்கும் சொந்தக்காரர்கள் இருந்தால், அடுத்த முறை போன் பேசும்போது ஒன்று கேளுங்கள்: "மாட்டுக்கு வலி ஊசி போட்டீங்களே, அது என்ன மருந்து?"