மேட்டிலிருந்து பள்ளத்துக்கு

"இயற்பியல் வகுப்புல எதுக்குங்க சாதி அரசியல்?" எங்கள் மாலை வகுப்பைப் பார்க்க வந்த ஓர் ஆசிரியர் கேட்டது இது. அன்று 9ஆம் வகுப்பு பாய்மங்கள் பாடம். நீரின் அழுத்தம் உயரத்தையும் அடர்த்தியையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் பொறுத்தது, தொட்டியின் அகலத்தைப் பொறுத்ததல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி எழுந்தாள். "ஊர்த்தெருக் குழாயும் எங்க குழாயும் ஒரே மட்டம்தானே அக்கா, எங்களுக்கு மட்டும் ஏன் சொட்டுது?" அரசியலை வகுப்புக்குள் கொண்டுவந்தது நாங்களா தோழர்களே?

அவள் கேள்விக்கு இயற்பியலிலேயே விடை இருக்கிறது. 10 மீட்டர் உயரத் தொட்டி கீழே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தரும். ஆனால் அது நீர் நிற்கும்போதுதான். ஓடத் தொடங்கினால் குழாய்ச் சுவரில் உராய்ந்து அழுத்தம் வழியெல்லாம் குறையும். குழாய் நீள நீள இழப்பு கூடும். விட்டம் குறைந்தால் கேட்கவே வேண்டாம். 11ஆம் வகுப்பில் வரும் பாய்சொய் சமன்பாட்டின்படி, மற்றதெல்லாம் மாறாமல் ஆரம் மட்டும் பாதியானால் ஓட்டம் 16இல் ஒரு பங்கு. (சீராக ஓடும் நீருக்கான கணக்கு அது. தெருக்குழாயில் அப்படியே பொருந்தாது, ஆனாலும் போக்கு அதுதான்.) சேரிக்கு வருவது கடைசிக் குழாய், மெலிந்த குழாய். நடுவில் நாலு வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் நமக்கு மிச்சம் காற்று. "பிரஷர் இல்லைங்க" என்று கைவிரிப்பவர் பொய் சொல்லவில்லை. குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் யார் முடிவு செய்தார்கள் என்பதைத்தான் விழுங்கிவிடுகிறார். மழைக்காலத்தில் மட்டும் ஈர்ப்பு விசை நம்மை மறப்பதே இல்லை. ஊர்ச் சாக்கடை முழுக்கச் சேரிப் பள்ளத்துக்கு ஒழுங்காக வந்து சேர்கிறது.

அடர்த்திப் பாடத்துக்கு வருவோம். கப்பலையும் நீர்மூழ்கியையும் காட்டுகிறார்கள், சரி. மலக்குழியைக் காட்டினால் என்ன? ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிட ஏறத்தாழ 1.2 மடங்கு அடர்த்தியானது. காற்றோட்டமில்லாத குழியில் அடியிலேயே தேங்கும். சகதியைக் கிளறினால், சோடா பாட்டிலைக் குலுக்கியதுபோல அடைபட்ட வாயு மொத்தமாக வெளிவரும். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. காப்பாற்ற இறங்கியவரும் உள்ளேயே விழுவது இதனால்தான். பாதுகாப்புக் கருவியின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது. சாவு நிற்கவில்லை. அப்படி அப்பாவைப் பறிகொடுத்த பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருக்கிறான். "அந்த கேஸ் ஏன்கா மேல வரல?" என்பது அவனுக்கு 2 மதிப்பெண் வினா அல்ல.

அறிவியலுக்குச் சாதி இல்லையாம். 9.8க்குச் சாதி இல்லைதான். எந்தப் பள்ளியில் ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது, எந்தப் பிள்ளைக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் போதும் என்று தீர்மானிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

விடுமுறைக்கு ஊர் போகும் மாணவத் தோழர்கள் ஒன்று செய்யுங்கள். 15 லிட்டர் வாளிகள் இரண்டு, கைபேசிகள் இரண்டு போதும். ஊரின் முதல் குழாயிலும் சேரியின் கடைசிக் குழாயிலும் ஒரே நேரத்தில் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள். ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், கணக்கை அவர்களே போடட்டும். அந்தத் தாளை ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொடுத்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.