பெயரில்லாத டப்பாவும் எங்கள் பிள்ளைகளின் முகமும்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறோம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முழுவதும் வாசியுங்கள். ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களும்தான், இப்போது அவர்களும் பூசுகிறார்கள்.

பத்தாம், பதினோராம் தரங்களுக்குப் படிப்பிக்கும் எங்களுக்குப் பிள்ளைகளின் முகம் வருடம் முழுக்கக் கண்ணெதிரே இருக்கிறது. நெற்றியிலும் கன்னத்திலும் சின்னச் சின்னக் குருக்கள் வரும். அது வயதின் வேலை. அதே முகம் ஒரு மாதத்தில் வெளுத்து மினுங்கி, பிறகு வெயில் பட்டாலே சிவந்து எரிந்து, முன்னர் இல்லாத அளவுக்குப் பரு வெடித்து நிற்பது வயதின் வேலை அல்ல. அது டப்பாவின் வேலை. பென்சிக் கடையிலும் பார்லரிலும் வாட்ஸ்அப் குழுமங்களிலும் விற்கிறார்களே, லேபல் இல்லாத அந்த வெள்ளை டப்பா. "ஏழு நாளில் ரிசல்ட்" என்பார்கள். உள்ளே என்ன என்று கேட்டால் "எல்லாம் மூலிகைதான்" என்பார்கள். எந்த மூலிகை என்று கேட்டால் பதில் வராது.

ஏழு நாளில் பருவை மறைக்கும் மூலிகை இல்லை. அந்த வேகம் பெரும்பாலும் ஸ்டீரொய்டின் வேகம். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்றவை கரப்பானுக்கும் வேறு தோல் நோய்களுக்கும் வைத்தியர் அளவோடும் நாள் கணக்கோடும் எழுதும் மருந்துகள். பூசியதும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், சிவப்பு அடங்கும், முகம் வெளுத்தது போலிருக்கும். மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து உள்ளே ஓடும் நரம்பு தெரியும், பெண் பிள்ளையின் கன்னத்தில் மயிர் முளைக்கும், ஸ்டீரொய்டாலேயே புதிதாகப் பரு வரும். நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும். எரிவு தாங்காமல் பிள்ளை மறுபடியும் அதே டப்பாவை வாங்கும். விற்பவருக்கு இதைவிட நல்ல வியாபாரம் வேறென்ன?

இன்னொன்று பாதரசம். பல நாடுகளில் வெளுப்புக் கிறீம்களைப் பரிசோதித்தபோது பிடிபட்ட பொருள் அது. சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசுகிறவரோடும் நிற்காது. உம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தைக்கும் போகும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குப் பிறகு உற்பத்தி செய்யவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்று, இலங்கையும் அங்கம் வகிக்கும் மினமாட்டா உடன்படிக்கையின் கீழ் 2023இல் முடிவாகிவிட்டது. லேபலே இல்லாத டப்பாவுக்கு எந்த முடிவைக் காட்டுவது?

சரி, குரு ஏன் வருகிறது? பருவ வயதில் ஹோர்மோன் கூட, தோலுக்கடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாக வேலை செய்யும். அந்த எண்ணெயும் இறந்த தோல் கலங்களும் சேர்ந்து மயிர்த்துளையை அடைக்கும். அடைப்பு மூடியிருந்தால் தோல் நிறத்திலோ வெள்ளையாகவோ சின்னக் குரு, திறந்திருந்தால் கரும்புள்ளி. உள்ளே பக்டீரியா பெருகி வீங்கினால் சிவந்த பரு. கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு அல்ல, உள்ளே இருப்பது காற்றுப் பட்டுக் கறுத்தது.

இதைத் தெரியாமல்தான் சில பெரியவர்கள், "ஐந்து நேரம் வுழூ செய்கிற முகத்தில் எப்படிப் பரு வரும்?" என்று பிள்ளையைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். வரும். அடைப்பு இருப்பது தோலுக்குள்ளே. அந்தப் பேச்சுக்குப் பயந்து சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கும் பிள்ளைகளை நாங்கள் வகுப்பில் பார்க்கிறோம். மென்மையான சவர்க்காரத்தால் நாளுக்கு இரண்டு தடவை கழுவினால் போதும். தேசிக்காய்ப் புளியும் பற்பசையும் முகத்துக்கானவை அல்ல.

எல்லாக் குருவும் பரு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நெற்றியில் ஒரே அளவில் கும்பலாக வந்து கடித்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம். வெக்கையும் வியர்வையும் அதற்குப் பிடிக்கும், ஸ்டீரொய்ட் பூசினால் இன்னும் பிடிக்கும். கண்ணைச் சுற்றிக் கடுகு மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருப்பவை தோலின் புரதம் அடைந்த சிறு முடிச்சுகள். தீங்கில்லை, நகத்தால் கிள்ளாதீர்கள். நெற்றியோரத்தில் மட்டும் வந்தால் தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெய் வழிகிறதா, ஹிஜாபின் உள்தொப்பி வியர்வையோடு நாள் முழுக்க இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பதில் ஹிஜாபைக் குறை சொல்வதில் இல்லை. பருத்தித் துணியில் எடுத்து, தினமும் கழுவியதைக் கொடுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் தாடையில் மயிரும் பருவும் சேர்ந்து வந்தால் பூசுவதை விட்டுவிட்டு வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

சாதாரண பருவுக்கு மருந்து இருக்கிறது. பென்சொயில் பெரொக்சைட் 2.5 வீதம், அடபலீன் போன்றவை. வைத்தியரிடமோ பாமசியில் மருந்தாளரிடமோ கேட்டு மெல்லியதாகப் பூச வேண்டும். முதல் வாரங்களில் தோல் காயும். பென்சொயில் பெரொக்சைட் பட்டால் தலையணை உறையும் ஹிஜாபும் நிறம் வெளுக்கும், அதனால் இரவில் பழைய துணியோடு பூசுங்கள். கர்ப்பிணிகளுக்கு அடபலீன் கூடாது. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் செல்லும். ஏழு நாளோடு ஒப்பிட்டால் இது மெதுவானதுதான். ஆனால் முகம் மிஞ்சும். அரச வைத்தியசாலையில் காட்டக் காசும் இல்லை. ஓ.பீ.டி.யில் காட்டினால் தேவைப்படும்போது தோல் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள். வரிசையில் நிற்க வெட்கம் என்று டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பது என்ன கணக்கு?

கணக்கு எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள். "பிள்ளை நல்லம், முகத்திலதான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துப் போகிறார்கள். அந்த அரை வாக்கியம்தான் அந்த டப்பாவை விற்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை பாடப் புத்தகத்துக்குள் கண்ணாடியை மறைத்து வைத்துக்கொண்டு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டு மாமிமாரே, உங்கள் மகனின் முகத்தில் எத்தனை குழி என்று யாராவது எண்ணினார்களா?

ஏற்கெனவே பூசுகிற பிள்ளையைத் திட்டி, டப்பாவை ஒரே நாளில் பறித்து எறியாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் மோசமாகும். டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

விற்பவர்களிடம் ஒரே கேள்வி. உள்ளே இருப்பது மூலிகைதான் என்றால் அதன் பெயரையும், செய்தவரின் விலாசத்தையும், காலாவதித் திகதியையும் டப்பாவில் அச்சடித்து ஒட்டுங்கள். இந்தப் பதிவின் கீழே அந்த லேபலின் படத்தைப் போடுங்கள். காத்திருக்கிறோம்.