படம் பிடிக்க யாரிடம் கேட்பது?

இராணுவ வண்டியொன்றைப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து அளவு மாறாத சிறு உருவொன்றைச் செய்ய விரும்பும் இளைஞன் யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்? கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ இக்கேள்விக்குத் தெளிவான விடை தரக்கூடிய ஒருவரைத் தேடிப் புறப்படுவோர் களைத்துத்தான் திரும்புவர். இன்ன விண்ணப்பம், இன்ன அலுவலகம், இத்தனை நாளில் பதில் என்று தமிழில் எழுதி ஒட்டிய அறிவித்தல் ஒன்றையேனும் நாம் எந்த வாயிலிலும் கண்டதில்லை.

வட்டையில் வேளாண்மை வெட்டுக்கு ஆள் கிடைக்காத வேளையில் பொம்மை வண்டிக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர் செய்தும், பழஞ்செருப்பை வெட்டிச் சில்லாக்கியும் வளர்ந்த பிள்ளைகளின் ஊர்கள் இவை. அந்தக் கை வளர்ந்து நுட்பம் கண்டால் அதுவே மாதிரியுருக் கலையாகின்றது. உலகெங்கும் இக்கலையினர் பெரிதும் கையாளும் அளவு முப்பத்தைந்தில் ஒன்று. 1961 இல் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டார் பூட்டிய தாங்கி உருவொன்றை வெளியிட்டபோது, மின்கலம் உள்ளே அடங்குவதற்கேற்ப அமைந்த அளவு அது. தற்செயலாய்ப் பிறந்த அளவு உலக வழக்காயிற்று. அந்த அளவுக்கு ஒரு வண்டியைச் சுருக்க வேண்டுமானால் நான்கு பக்கமும் அடித்தட்டும் படமாய் வேண்டும். கண்பார்வை மட்டும் போதாது.

நம் பிள்ளைகள் எதைச் செய்ய விரும்புவர்? பிறந்த நாள்தொட்டுத் தம் தெருவில் கண்டதை. 1980களில் தென்னாபிரிக்காவிலிருந்து வந்திறங்கிய ‘பவள்’ கவசவண்டியைக் கிழக்கில் அறியாதார் யார்? கலப்பைக் கொழுப்போலக் கீழ்நோக்கிக் கூர்ந்தது அதன் அடித்தட்டு. கண்ணிவெடியின் வேகம் இருபுறமும் சிதறிப்போவதற்கான உபாயம் அது. அதைப் பார்த்து இந்நாட்டுப் படைப் பொறியியலாளரே யுனிகோர்ன், யுனிபவள் என்னும் வண்டிகளைச் சமைத்தனர். நம் பெற்றோருக்கு அவ்வண்டியின் ஓசை அச்சத்தின் ஓசை. பிள்ளைக்கோ அது ஓர் இயந்திரம். இவ்விரண்டு பார்வையும் ஒரே வீட்டில் இருப்பதில் நாம் வியப்படையவில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1955 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க அரசாங்க இரகசியச் சட்டம் தடைசெய்யப்பட்ட இடங்கள் என ஒரு வகையை வகுத்து, அவற்றைப் படம் பிடிப்பதற்கு அதிகாரம் பெறவேண்டும் என்கின்றது. முகாமின் வாயிலையோ காவலரணையோ படைகள் நகரும் நேரத்தையோ படம் பிடிக்கும் உரிமையை நாம் கேட்கவில்லை. அவற்றைக் காப்பது எந்த அரசுக்கும் உரியது. ஆனால் பொதுத் தெருவில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஓடும் வண்டியும் அவ்வாயிலும் ஒன்றாகுமா? ஆண்டுதோறும் பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திர தின அணிவகுப்பில் இதே வகை வண்டிகள் ஊர்வலம் போக, தொலைக்காட்சி அதை நாடெங்கும் காட்டியிருக்கின்றது. ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணிக்காக மாலி நாட்டுக்குச் சென்ற இலங்கைப் படையினரின் வண்டிகளும் உலகறியப் படமாயின. 1991 இல் ஆனையிறவுப் போரில் அழிக்கப்பட்ட கவச மண்வாரி வீதியோரத்தில் காட்சிக்கு நிற்கின்றது. தென்னிலங்கை உல்லாசப் பயணிகள் குடும்பத்தோடு அதன்முன் நின்று படம் எடுத்துச் செல்கின்றனர். அவர்களை யாரும் மறித்து விசாரித்ததாய் நாம் கேள்விப்பட்டதில்லை.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானத் தளத்தில், விமானங்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் பொழுதுபோக்குடைய பன்னிரண்டு பிரித்தானியரும் இரண்டு ஒல்லாந்தரும் ஒற்றர் என்று பிடிக்கப்பட்டனர். 2002 ஏப்ரலில் தண்டனை. அதே ஆண்டு நவம்பரில் மேன்முறையீட்டில் விடுதலை. அவர்களுக்காக அவர்களுடைய அரசாங்கம் பேசிற்று, பத்திரிகைகள் பேசின. நம் கரையோரத்து இளைஞனுக்காகப் பேசுவார் யார்?

இக்கேள்வியை நாம் வீம்புக்குக் கேட்கவில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிய கொடுமைக்குப் பின், அதே மாதம் 26 ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்ததை இப்பகுதி மறக்காது. குழந்தைகளும் அன்று மடிந்தனர். அதன்பின் சந்தேகம் ஊரின்மீதே கவிந்தது. கப்பலின் சுக்கான் சக்கரம் பொறித்த ஆடையைத் தருமச் சக்கரம் என்று கொண்டு ஒரு முஸ்லிம் பெண்ணை விளக்கமறியலில் வைத்தது அந்த ஆண்டு மே மாதத்தில். தமிழ்க் கவிதை நூலொன்றுக்காக 2020 இல் கைதான இளங்கவிஞர் 2023 இற்றான் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றார். அவர்மீது பாய்ந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ 1979 இல் தற்காலிக ஏற்பாடு என்னும் பெயரோடு வந்து 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. துணியும் கவிதையும் இவ்வளவு வில்லங்கம் தருமானால், கவசவண்டியின் நான்கு பக்கப் படங்களோடு பிடிபடும் தமிழ் பேசும் பிள்ளை என்ன விளக்கம் சொல்வான்? அதையும் எந்த மொழியில் சொல்வான்?

வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்புக் கூறுகின்றது. ஆகவே பாதுகாப்பு அமைச்சு இவ்வனுமதிக்கான விண்ணப்பத்தைத் தமிழிலும் அச்சிட்டுப் பிரதேச செயலகங்களில் வைக்கவேண்டும். எந்த வண்டியை, எங்கே, எந்நாளில் படம் பிடிக்கலாம் என்பதை அனுமதிக் கடிதம் குறிக்கட்டும். அக்கடிதத்தைக் காட்டுபவனைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால் நிறுத்தியவர் எழுத்தில் காரணம் தரவேண்டும். மறுப்பதாயினும் காரணத்தோடு மறுக்கட்டும். சேவையிலிருந்து நீங்கிய வண்டியொன்றை ஆண்டுக்கொருமுறை பொது மைதானத்தில் நிறுத்திவைத்து, அளக்கவும் படமெடுக்கவும் பாடசாலை மாணவரை அழைத்தால் அமைச்சுக்கு என்ன குறைந்துவிடும்?

அதுவரை வாளாவிருக்கவேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. தேசப் பாதுகாப்புக்குரிய தகவலை அது விலக்கியிருப்பது உண்மையே. ஆனால் அனுமதி கேட்கும் வழிமுறை எது என்பது இரகசியமாகாது. கோரிக்கை கிடைத்து பதினான்கு வேலைநாட்களுக்குள் தகவலைத் தருவதா மறுப்பதா என்று அலுவலர் தீர்மானிக்கவேண்டும். மருதமுனை முதல் பொத்துவில் வரையுள்ள ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் இக்கேள்வியைத் தமிழில் எழுதிப் பாதுகாப்பு அமைச்சின் தகவல் அலுவலருக்கு அனுப்பி, வரும் பதிலை நமக்கும் அறியத்தருவார்களாக. வந்தது வந்தபடியே இப்பத்தியில் வெளியிடுவோம்.