“உள்ளது உள்ளபடி” என்றால் கண்ணை மூடிக்கொள் என்று அர்த்தமா?

குப்பனூர் வழியாக ஏற்காடு போகிறவர்களுக்குத் தெரியும். மலை ஏறுமுன் ரோட்டோரக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புவதே தனி சுகம். இப்படிப்பட்ட கடைகள் கைமாறும்போது கேட்கும் பேச்சு எங்கும் ஒன்றுதான்.

“கடையை உள்ளது உள்ளபடி கொடுத்துடறேனுங்க. கட்டிடம், கல்லா, போர்டு, வாடிக்கை எல்லாம் உங்களுதுங்க. முடிச்சுக்கலாமுங்களா?”

பேச்சு இனிக்கிறது. ஆனால் எதை விற்கிறோம், எதை வாங்குகிறோம் என்று பல நேரம் இருவருக்குமே தெரிவதில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பம்!

கரண்டு பாக்கி யார் தலையில்?

பாங்கு ஏல விளம்பரங்களில் “உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்” என்ற வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஏலத்தில் வாங்கியவர்களிடம் பழைய உரிமையாளரின் மின் கட்டண பாக்கியைக் கேட்டார்கள். “நான் எரிக்காத விளக்குக்கு நான் ஏன் கட்டணும்?” என்று வழக்குப் போட்டார்கள். கேரளத்து வழக்கு ஒன்றோடு மொத்தம் 19 வழக்குகளைச் சேர்த்து விசாரித்த சுப்ரீம் கோர்ட்டு, 2023 மே 19-ல் தீர்ப்புச் சொன்னது. விதிகளில் இடமிருந்தால், புது இணைப்புக் கொடுக்குமுன் பழைய பாக்கியைக் கேட்கலாம். உள்ளது உள்ளபடி வாங்குகிறவர்தான் முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும் என்றது.

வில்லங்கச் சான்று பார்த்தாயிற்றே என்று சும்மா இருக்காதீர்கள். அதில் வருவது பதிவான பத்திரங்கள்தான். கரண்டு பாக்கியோ, வரி பாக்கியோ அதில் வராது. முன்பக்கத் தாழ்வாரம் நெடுஞ்சாலைப் புறம்போக்கில் நிற்கிறதா என்பதையும் அது சொல்லாது. சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து பார்த்தால்தான் தெரியும்.

விற்கிறவர் தப்பிக்க முடியுமா?

1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறையை, தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் மோசடியாகவே கருதப்படும். கண்ணுக்குத் தெரியும் விரிசலுக்கு “உள்ளது உள்ளபடி” கைகொடுக்கலாம். மூடி மறைத்த வில்லங்கத்துக்கு அது குடையாகாது!

கட்டிடம் வேறு, வியாபாரம் வேறு!

தனி ஆள் கடை என்றால் சொத்தும் கடனும் அவருடையதே. கூட்டுக் கடை அப்படியல்ல. 1932-ம் ஆண்டுச் சட்டப்படி, மற்றவர்கள் அதிகாரம் கொடுக்காமல் ஒரு கூட்டாளி மட்டும் கடையின் நிலத்தையோ கட்டிடத்தையோ விற்க முடியாது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன், “கூட்டாளி யாருங்க?” என்று கேளுங்கள்.

ஜி.எஸ்.டி. விஷயம் இன்னும் காரம். 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 85-வது பிரிவுப்படி, வியாபாரத்தை வாங்கியவரும் விற்றவரும் பழைய வரி பாக்கிக்குச் சேர்ந்தே பொறுப்பு. கல்லாப்பெட்டியோடு கடனும் வந்து உட்காரும்!

போர்டையும் வாடிக்கையையும் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அடுத்த மாதமே விற்றவர் எதிர்வரிசையில் அதே டீக்கடை போட்டால்? குறிப்பிட்ட எல்லைக்குள் போட்டிக் கடை வைக்கமாட்டேன் என்று எழுதி வாங்க, 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. வாய்ப்பேச்சை நம்பி விடாதீர்கள். உணவு லைசென்சும் போர்டோடு தானாகக் கைமாறாது.

ஒரு தாள் போதும்

என் யோசனை இதுதான். ஒப்பந்தத்தோடு ஒரு தாள் இணையுங்கள். நிலம் எவ்வளவு, புறம்போக்கு எவ்வளவு, கரண்டு பாக்கி, வரி பாக்கி, கூட்டாளிகள், ஒழுகும் கூரை, எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

“குறையைச் சொன்னா விலை குறையுமேங்க?” என்பார்கள். குறையட்டுமே! இன்று சில ஆயிரம் குறைவது, நாளை கோர்ட்டுப் படியேறி வக்கீல் பீஸ் கட்டுவதைவிட மேல்.

உள்ளதை உள்ளபடி விற்கலாம், தப்பில்லை. அதற்குமுன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும்!