முதலில் எந்த மெஷின் வாங்குவது?



சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். தோட்டத்தை விட்டு, தாமானில் மலிவு விலை வீடு வாங்கிக் குடிவந்த குடும்பம். வீட்டுக்காரர் ஈப்போவில் லாரி ஓட்டுகிறார். "சாமி மேடைக்கு ஒரு பலகை அடிக்க ஆள் கூப்பிட்டால், கேட்கிற கூலியைக் கேட்டு மயக்கம் வருகிறது. மகனுக்கு போனஸ் கிடைத்திருக்கிறது. மெஷின் வாங்கி நாமே செய்துகொள்ளலாம் என்கிறான். கடையில் கிரைண்டரைப் பார்த்துவிட்டு வந்து அதே நினைவாக இருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. எதை முதலில் வாங்குவது?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. மகனின் ஆசையும் நியாயமானதுதான். லயத்தில் இருந்தவரை இந்தக் கேள்வியே நமக்கு வந்ததில்லை. கூரை ஒழுகினால் கிராணியாரிடம் சொல்வோம். தோட்டத்துத் தச்சர் வருவார், வராமலும் போவார். 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளர் வீட்டைப் பழுது பார்ப்பதை முதலாளியின் பொறுப்பாகத்தான் வைத்தது. தாமானுக்கு வந்த பிறகு வீடும் நமது, ஒழுக்கும் நமது. முப்பது வருடம் பால் வெட்டியவர்கள் சுவரில் ஒரு ஆணி அடிக்க முடியாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குற்றமல்ல. லயத்துப் பலகைச் சுவர் வேறு, தாமான் வீட்டின் செங்கல் சுவர் வேறு.

முதலில் வாங்க வேண்டியது டிரில். அதிலும் 'ஹேமர் டிரில்' என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண டிரில் சுற்ற மட்டுமே செய்யும். இது சுற்றிக்கொண்டே தட்டவும் செய்யும். அந்தத் தட்டல் இல்லாவிட்டால் செங்கல்லில் பிட் வழுக்கும், சூடேறும், முனை மழுங்கும். மரத்துக்கும் இரும்புக்கும் தட்டலை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலேயே ஒரு சிறு திருப்பான் இருக்கும். வேகத்தை விரலால் கூட்டிக் குறைக்கிற வகையும், முன்னும் பின்னும் சுற்றுகிற வசதியும் இருந்தால் திருகாணி முடுக்கவும் அதுவே போதும்.

கையில் பிடிக்கும் மின்சார டிரில் 1895-இல் ஜெர்மனியில் பிறந்தது. அதைத் தூக்க இரண்டு கையும் வலுவும் வேண்டும். கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரல் சுவிட்சும் வைத்து அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1917-இல் உரிமம் பெற்றது. நாம் இன்று பிடிப்பது அந்த அமைப்பைத்தான்.

சார்ஜ் போடும் பேட்டரி டிரில் நல்லதா என்று சிலர் கேட்பார்கள். வயர் இழுபடாது, வேலை சுலபம். ஆனால் மலிவான பேட்டரி டிரில் செங்கல் சுவரில் திணறும். சில வருடங்களில் பேட்டரியும் சோர்ந்துவிடும். கையில் அளவான காசு உள்ளவர்களுக்கு வயர் டிரில்தான் என் யோசனை.

இனி சாமி மேடை. பென்சிலால் குறியிடுங்கள். 6 மில்லிமீட்டர் சிமெண்டு பிட், அதே அளவு பிளாஸ்டிக் பிளக். பிளக்கின் நீளத்தைப் பிட்டில் வைத்துப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலான இடத்தில் டேப் சுற்றுங்கள். டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். பால் வெட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டையைச் சீவி, உள்ளே மரத்தில் காயம் படாமல் கத்தியை நிறுத்திய கை அது. ஒரு மில்லிமீட்டர் கணக்கு அந்தக் கைக்குத் தெரியும். துளைத்தபின் பழைய சைக்கிள் பம்பால் தூசியை ஊதிவிட்டுப் பிளக்கை அடியுங்கள். தூசி உள்ளே கிடந்தால் பிளக் பிடிக்காது, படத்தோடு பலகையும் ஒருநாள் இறங்கிவிடும்.

பலகை ரப்பர் மரமாக இருந்தால் ஓரத்தில் நேரே திருகாணி போடாதீர்கள், பிளந்துகொள்ளும். சிறிய பிட்டால் வழி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் சாய்த்த பால்மரத்தை விறகாகத்தான் பார்த்தோம். இப்போது அதே மரம் மேசை நாற்காலியாகக் கப்பலேறுகிறது! செங்கால் போன்ற கெட்டி மரத்துக்கும் வழி போட்டே தீரவேண்டும், இல்லாவிட்டால் திருகாணியின் தலை முறியும்.

சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே துளைக்கவே கூடாது. பூச்சுக்குள் வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். நான் முதன்முதலில் டிரில் வாங்கிய வாரமே கடிகாரம் மாட்ட ஆசைப்பட்டு, சுவிட்சுக்கு மேலே துளைத்து வயரைக் கடித்துவிட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு. என் வீட்டு மின்சாரப் பெட்டியில் இ.எல்.சி.பி. ஒழுங்காக வேலை செய்ததால் இதை இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரி ஒரு வாரம் பேசவில்லை, அது தனிக்கதை.

மின்சாரம் எங்காவது கசிந்தால் நொடியில் வெட்டிவிடும் கருவி இ.எல்.சி.பி. கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகள் உள்ள இடத்தில் அது 30 மில்லிஆம்பியரில் வெட்டவேண்டும் என்று 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகள் சொல்கின்றன. பெட்டியைத் திறந்து உங்கள் வீட்டில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 100 என்றிருந்தால், டிரில் வாங்கும் முன் லைசென்ஸ் உள்ள மின்சாரக்காரரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதிலிருக்கும் 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் மின்சாரம் நிற்கவில்லையென்றால் அந்தக் கருவி அங்கே இருந்தும் இல்லாததுதான்.

இரண்டு கால் பிளக்கை, மேல் துவாரத்தில் பேனா மூடியைக் குத்திச் சொருகும் பழக்கம் நம்மிடையே வீட்டுக்கு வீடு உண்டு. விட்டுவிடுங்கள். பிளக்கும் நீட்டு வயரும் சிரிம் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சுருளாக வரும் நீட்டு வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள், சுருண்டபடியே இருந்தால் சூடேறி உருகும். ஈரத் தரையில், வெறுங்காலோடு, மழை நேரத்தில் வெளியே... வேண்டாம்.

துளைக்கும்போது கண்ணாடி போடுங்கள். கையுறை போடாதீர்கள், சுற்றும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். தாய்மார்கள் கூந்தலை முடிந்து, தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு, முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். ஆண்களே, சாரோங்கோடு இந்த வேலைக்கு வராதீர்கள்.

பழைய மலிவு விலை வீடுகளின் கூரையிலும் முகட்டிலும் சாம்பல் நிறத்தில் கெட்டியான சிமெண்டுத் தகடு இருக்கும். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதில் மட்டும் துளையிடாதீர்கள், அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அதன் தூசி கண்ணுக்குத் தெரியாத நாராக நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துக்கூடப் புற்றுநோயைக் கொண்டுவரும். உலகச் சுகாதார நிறுவனம் அதன் எல்லா வகையையும் புற்றுநோய்க் காரணி என்றே சொல்கிறது. தகடு உடையாமல் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. விசிறி மாட்டவேண்டுமானால் மரச்சட்டத்தில் மாட்ட வழி பாருங்கள்.

இரண்டாவதாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமென்றால் ஜிக்சா வாங்கலாம். 1946-இல் சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் காப்மன் என்பவர், தையல் மெஷினில் ஊசிக்குப் பதிலாக ரம்பத்தைப் பொருத்திக் கண்டுபிடித்தது அது. பலகையை வளைத்து வளைத்து அறுக்கலாம். தையல் தெரிந்த பெண்களுக்குச் சீக்கிரம் கைவரும்.

கிரைண்டர், அதாவது மாவாட்டுவது அல்ல, இரும்பு அறுப்பது, இப்போது வேண்டாம் என்று உங்கள் மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அதன் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். விரிசல் விட்ட தட்டு சிதறினால் முகத்தில்தான் வந்து விழும். மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய தட்டைப் போடும் வழக்கம் வேறு சிலருக்கு. ஜன்னல் கம்பியை ஒரே ஒருமுறை அறுப்பதற்கு, தெரிந்தவரைக் கூப்பிட்டு அறுத்துக்கொள்ளட்டும். டிரில்லோடு ஒரு வருடம் பழகிய பிறகு அவன் மறுபடியும் கேட்டால் எனக்கு எழுதுங்கள், அப்போது பேசுவோம்.